கோரஸில் நாலாவது குரல்

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இரண்டு பக்கத்துக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். எங்கள் இசையமைப்பாளரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போடுவது என்பதற்கே சோறு தண்ணி மறந்து அடித்துக்கொண்டவர்கள் நாங்கள்.

சினிமாப் பாட்டுக் கேட்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். நாங்கள் கேட்ட விதம் வேறு. சனிக்கிழமை சாயங்காலம் அட்மின் குரூப்பில் ஒரு பாட்டைப் போடுவார். கூடவே ஆளுக்கொரு வாத்தியத்தைப் பிரித்துக் கொடுப்பார். “நீங்க பேஸ் கிட்டார். நீங்க தபேலா. மாப்ள, ஒனக்கு ரெண்டாவது வயலின்.” ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நமக்கு வந்த வாத்தியத்தை மட்டும் பாட்டின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மற்றதெல்லாம் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி. சாயங்காலம் ஒவ்வொருவரும் தான் கேட்டதை வந்து சொல்ல வேண்டும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பிரிச்சுக் கேக்குறது’.

“பாட்டுக் கேக்குறியா, பரீட்சை எழுதுறியா?” என்பார் என் வீட்டுக்காரர். நான் புதுக்கோட்டையில் கணக்கு டீச்சர். பரீட்சை வைத்தே பழகியவளுக்கு, தானே போய் ஒரு பரீட்சையில் உட்காருவது எவ்வளவு சுகம் என்று அவருக்கு எப்படிப் புரியும்?

அந்த குரூப் வளர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். அட்மினுக்கு ஆலங்குடியில் தேங்காய் மண்டி. அவர் வாய்ஸ் மெசேஜ் போட்டால் பின்னால் தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்கும். “இதை எந்தப் பாட்டுல வாசிச்சிருக்காரு, சொல்லுங்க பாப்போம்” என்று அதையும் புதிராக்குவார் யாராவது ஒருவர். பிறகு சிங்கப்பூரிலிருந்து, குவைத்திலிருந்து, அறந்தாங்கியிலிருந்து, கீரனூரிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். குவைத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர், “ஒரு வாரம் பூரா யாரும் எங்கிட்ட பேசலன்னாலும் எனக்கு ஒரு வயலின் குடுத்துருக்கீங்கங்க, அது போதும்” என்று எழுதினார். படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் டிபியில் ஒரு கிட்டார் படம் இருந்தது. அதனால் எல்லாருக்கும் நான் ‘தம்பி’தான். ஒரு சிலருக்கு ‘மாப்ள’. திருத்தலாம் என்று தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டில் அம்மா, மாமியார் ஊரில் மருமகள். ஒரு இடத்திலாவது தம்பியாக இருந்துவிட்டுப் போகிறேனே!

தம்பிக்கு எப்போதும் ஒரே வாத்தியம்தான். நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். “எனக்குக் கோரஸ் குடுங்க.” பாடகிக்குப் பின்னால் ஆ, ஓ என்று வருகிற பெண்களின் கூட்டுக் குரல். கேசட் அட்டையில் ‘குழுவினர்’ என்று மட்டும் போட்டிருக்குமே, அவர்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மாவும் ஒரு ‘குழுவினர்’தான். ஆவூர் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். நான் பிறப்பதற்கு முன்னால், திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் மாதா பாட்டுக் கேசட் ஒன்று பதிவு செய்தார்கள். முன்னால் பாடியது திருச்சிக்காரப் பாடகி. பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி அம்மா. நான் பால்வாடிக்குப் போகும் வயதிலேயே அவள் போய்விட்டாள். கல்யாண போட்டோ இருக்கிறது, ஜெபமாலை இருக்கிறது, பட்டுப்புடவைகூட இருக்கிறது. குரல் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் எனக்கு அவள் குரல் ஞாபகத்துக்கு வருவதில்லை. என்னை எப்படிக் கூப்பிட்டாள் என்றுகூடத் தெரியாது.

வீட்டில் இருந்த கேசட்டை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். “அதப் போட்டா நீ அழுவ. நீ அழுதா நான் அழுவேன். எதுக்கு?” என்பார். ஊரில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் வீட்டிலும் இல்லை. பாடிய மற்ற ஐந்து பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். மூவர் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். இந்தக் குரூப்பில் நான் சேர்ந்ததே கேசட் சேர்க்கிறவர்கள் இதில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான். இசையமைப்பாளர் மேல் பைத்தியம் பிடித்தது அப்புறம்.

திருமயத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற ஒருவர் குரூப்பில் இருந்தார். கீழே வளையல், ரிப்பன், பொம்மை. மாடியில் சுவர் முழுக்கக் கேசட். மூடிய கடைகளிலிருந்தெல்லாம் மொத்தமாக வாங்கி வைத்திருப்பவர். காது என்றால் அவர் காதுதான் காது. கூடவே ரோஷமும் கொஞ்சம் தூக்கல். ஒரு நாள் தன் அலமாரியைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டார். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நீல அட்டை, மாதா படம். அப்பா சொன்ன அதே நீலம்.

தட்டத் தெரியாமல் தட்டி அவரிடம் கேட்டேன்.

“இருக்கு தம்பி. ஆனா கூரியர்ல எல்லாம் குடுத்தனுப்ப மாட்டேன். புதுக்கோட்டையில கூட்டம் போடுறோம்ல, அன்னைக்குக் கையோட கொண்டுவாரேன்” என்று பதில் வந்தது.

கூட்டம் என்றால், குரூப்பின் ஆண்டு விழா. முதல் முறையாக எல்லாரும் நேரில் பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. கல்யாண மண்டபம் ஒன்றின் சின்ன ஹாலைப் பிடித்தார்கள். மத்தியானம் பிரியாணி. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அட்மின் எழுதினார்: “வாசல்ல ஃப்ளெக்ஸ் வைக்கணும்ல. எல்லாரும் ஆளுக்கொரு போட்டோ அனுப்புங்க.”

எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் இல்லாமல் காது குத்துகூட நடக்காது. யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஆனால் அதுவரை எங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எல்லார் டிபியிலும் இசையமைப்பாளர்தான், இல்லையென்றால் ஏதாவது வாத்தியம். முகமில்லாமல் வெறும் காதாக இருந்தவரை நாங்கள் ஒரு குடும்பம்.

நானும் போட்டோ அனுப்பினேன், சேலையில், வகுப்பறைக் கரும்பலகைக்கு முன்னால். அட்மின் எழுதினார்: “டீச்சர், இத்தன நாளு மாப்ள மச்சான்னு கண்டமேனிக்குப் பேசியிருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க.” நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி ஊற்றிவிட்டது.

கூட்டத்தன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் மண்டப வாசலில் நின்றேன். ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் இசையமைப்பாளர். அவருக்குச் சமமான உயரத்தில், வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக, காதில் போனை வைத்துக்கொண்டு அட்மின். கீழே நாங்கள் எல்லாரும் ஸ்டாம்பு அளவில் வரிசையாக. அதில் கடைசியில், வலது மூலையில் திருமயத்துக்காரர். ஃப்ளெக்ஸ் கட்டியவர் ஓரத்தை மடக்கிச் சவுக்குக் கட்டையில் இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த மடிப்புக்குள் அவர் முகம் போய்விட்டது. ஒரு காதும் ‘திருமயம்’ என்ற ஊர்ப் பெயரும் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து அவரே வந்து இறங்கினார். வேட்டி சட்டை, தோளில் துணிப்பை. பை நிறையக் கேசட். ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழே வரை பார்த்தார். தன் காதைப் பார்த்தார். அட்மினின் கூலிங் கிளாஸைப் பார்த்தார்.

“இந்த குரூப்புக்குப் பாதிப் பாட்டு நாங் குடுத்தது. எனக்கு மூஞ்சி கெடையாதாக்கும்? மூஞ்சி இல்லாதவனுக்கு உள்ள என்ன வேல?”

அட்மின் ஓடி வந்தார். “அட, கட்டுனவன் செஞ்ச வேலைங்க. அவுத்துக் கட்டுனாப் போச்சு.”

“ஒங்க மூஞ்சிய மட்டும் கட்டையில கட்டாமப் பாத்துக் கட்டியிருக்கான்ல?”

“என்ன, பேச்சு ஒரு மாதிரி போகுது? நாலு நாளா அலைஞ்சு ஏற்பாடு பண்ணுனவன் நான்!”

அவ்வளவுதான். திருமயத்துக்காரர் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். “சார், நான்தாங்க அந்தத் தம்பி. அந்த நீலக் கேசட்டு...” அவர் காதில் விழவில்லை. பஸ் ஏறிவிட்டார். பை நிறையக் கேசட்டோடு, என் அம்மாவோடு பஸ் கிளம்பிப் போனது. நான் ரோட்டோரம் நின்று அழுதேன். அன்றைக்குப் பிரியாணி சாப்பிடாமலே வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலத்துக்குள் திருமயத்துக்காரர் தலைமையில் இரண்டாவது குரூப் பிறந்துவிட்டது. பழைய பெயருக்கு முன்னால் ‘உண்மை’ என்று சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அங்கிட்டுப் போனார்கள். பிறகு நடந்ததை எழுதவே எரிச்சலாக இருக்கிறது. ஸ்டேட்டஸில் குத்தல், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. கருத்துச் சண்டை என்றாலும் பரவாயில்லை. வளர்ந்த ஆண்பிள்ளைகள் ஒரு சவுக்குக் கட்டைக்காக முட்டிக்கொண்டார்கள். குவைத்துக்காரர் இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டு இரண்டிலிருந்தும் வெளியேறினார். போகும்போது, “எனக்கு இந்த வாரம் யாரும் வயலின் குடுக்கல” என்று மட்டும் எழுதியிருந்தார். சனிக்கிழமைகளில் பாட்டு வருவது நின்றுபோனது.

நான் இரண்டிலும் இருந்தேன். இரண்டு பக்கமும், “நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?” என்று கேட்டார்கள். நான் கோரஸ் பக்கம் என்று எழுதி அனுப்பினேன். யாரும் சிரிக்கவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை நானே திருமயம் பஸ் ஏறினேன். ஃபேன்சி ஸ்டோரில் வளையல் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அம்மா கதையை அன்றுதான் முழுசாகச் சொன்னேன். அவர் எழுந்து மாடிக்குப் போனார். திரும்பி வந்து நீலக் கேசட்டை என் கையில் வைத்தார்.

“மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னமோ சும்மா ஆசைக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்.” என் கையிலிருந்த கேசட்டை விரலால் தட்டினார். “ஆனா இத நாங் கேட்டுப் பாத்துட்டேன். டேப்பு பழசு. எங்கிட்ட இருக்கிற செட்டுல போட்டா அமுங்கிக் கேக்குது. நல்ல டேப் டெக்கு ஒண்ணே ஒண்ணுதான் இந்தச் சில்லாவுல இருக்கு.”

அது அட்மினிடம் இருப்பது இருவருக்கும் தெரியும்.

அங்கிருந்தே பஸ் மாறி ஆலங்குடிக்குப் போய், அட்மினான மண்டிக்காரரிடம் கேசட்டை நீட்டினேன். அட்டையின் பின்னால் இருந்த திருமயம் கடை முத்திரையைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. “அவரு கேசட்டா? எம் டெக்குல ஏறாதுங்க டீச்சர்.”

எனக்கு வந்ததே கோபம்! “இது அவரு கேசட்டு இல்ல, எங்கம்மா கேசட்டு. ஏறுதா ஏறலையான்னு போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஒங்க கூலிங் கிளாஸையும் அவரு காதையும் வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குத்தான் கூத்தடிப்பீங்க?” தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு பி செக்ஷனை அடக்குகிற குரல் அது. மண்டிக்காரர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

போட்டார். கிணற்றுக்குள் யாரோ பாடுவது போலக் கேட்டது. நான் திருமயத்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நல்ல டெக்குலயும் அமுங்கிக் கேக்குதுன்னா செட்டு கோளாறு இல்ல. டேப்புக்குப் பின்னாடி அத அழுத்திப் பிடிக்க சின்னதா ஒரு பஞ்சு இருக்கும். அது உதுந்திருக்கும். வேற கேசட்டுலருந்து எடுத்து ஒட்டணும்னு அவருகிட்ட சொல்லுங்க டீச்சர்.”

“அது எனக்குத் தெரியாதான்னு கேளுங்க டீச்சர்.”

“தெரிஞ்சா ஏன் இன்னும் ஒட்டலன்னு கேளுங்க.”

இருவரும் ஒரே போனில், ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டே, என்னிடம் பேசினார்கள். மண்டிக்காரர் அலமாரியைத் திறந்தார். எங்கள் இசையமைப்பாளரின் கேசட்டுகள் வரிசையாக இருந்தன. அவர் உயிராக வைத்திருந்தவை. ஒன்றை எடுத்து ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பஞ்சைப் பிடுங்கி என் அம்மாவின் கேசட்டில் ஒட்டினார்.

“எதுலருந்து எடுத்தாரு?” என்றது போன்.

மண்டிக்காரர் படத்தின் பெயரைச் சொன்னார். இந்த முறை என்னிடம் இல்லை, போனைப் பார்த்தே சொன்னார்.

“அடப்பாவி மனுசா, அதுலருந்தா!” என்றது போன். மண்டிக்காரர் அம்மாவின் கேசட்டை மறுபடி டெக்கில் தள்ளினார்.

பாட்டு தெளிவாக வந்தது. திருச்சிப் பாடகி முன்னால், ஆறு பெண்கள் பின்னால். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தனை வருஷம் கோரஸ் கேட்டுப் பழகிய காது, அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது. ஆறு குரலும் ஒரே குரலாகத்தான் விழுந்தது. இதில் எது என் அம்மா? தெரியவில்லை. கையில் கிடைத்தும் கிடைக்காத கொடுமையை யாரிடம் சொல்வது?

மண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “டீச்சர், இன்னைக்குச் சனிக்கிழமைதான?” என்றார்.

அன்று சாயங்காலம் இரண்டு குரூப்பிலும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு வந்தது. சினிமாப் பாட்டு இல்லை, ஆவூர்ப் பெண்கள் பாடிய மாதா பாட்டு. மண்டிக்காரர் ஒவ்வொரு குரலும் எட்டிப் பார்க்கிற இடத்தைக் குறித்து எண் போட்டு, ஆறு பேருக்கு ஆறு குரலாகப் பிரித்தார்; ‘உண்மை’யில் அதை நான் போட்டேன். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். குவைத்துக்காரருக்கு நானே தனியாக அனுப்பினேன்: “ஒங்களுக்கு ஆறாவது குரல் குடுத்திருக்குங்க.” உடனே ஒரு கும்பிடு வந்தது. நாலாவது குரல் திருமயத்துக்காரருக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். மூக்கால் பாடுகிற குரல், கடைசி எழுத்தை இழுக்கிற குரல், ஸ்ருதிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிற குரல். திருமயத்துக்காரர் எழுதியது இது: “நாலாவது குரல் ரெண்டாவது சரணத்துல வரிக்கு நடுவுல மூச்சு வாங்குது. மத்த அஞ்சு பேரும் வரி முடிஞ்ச பிறகுதான் வாங்குறாங்க. பயிற்சி இல்லாத குரல்.” நான் அதை மண்டிக்காரருக்கு அனுப்பினேன். “பயிற்சி இல்லாமல்லாம் இல்ல. மொத சரணத்துல அதே நீள வரிய முழுசாப் பாடுது. போகப் போக மூச்சு பத்தல. ஒடம்புக்கு முடியாம இருந்திருக்கும்” என்று அவர் எழுதினார். அதை நான் அங்கே அனுப்பினேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் சண்டைதான், ஆனால் இது பாட்டுக்காக.

அடுத்த விடுமுறையில் ஆவூருக்குப் போனேன். காலைப் பூசை முடிந்து அப்பா வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

முதலில் எரிச்சலாகப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து மடியில் வைத்தார். உதடு சரணத்தோடு அசைந்தது. இரண்டாவது சரணத்தில் சட்டென்று விரலைத் தூக்கினார்.

“இந்தா, மூச்சு வாங்குறா பாரு. அவதான்.”

“அப்பா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அது நாலாவது குரலு.”

“நாலோ அஞ்சோ, எனக்கென்ன தெரியும்? எம் பொண்டாட்டியத் தெரியாதா?”

“பயிற்சி இல்லாத குரலுன்னு ஒருத்தர் சொல்றாருப்பா.”

“எவன் சொன்னான்?” ஹெட்போனோடு எழுந்தே விட்டார். “கோயில்ல அவ பாட்டெடுத்தா முழு வரியும் ஒரே மூச்சுல போவாளே! அன்னைக்கு நீ ஏழு மாசம் வயித்துல. எல்லாரும் வேணாம்னாங்க, கேக்காமப் போனா. பாடப் பாட நீ உள்ள இருந்து ஒதச்சுக்கிட்டே இருந்தியாம். வேன்ல வரும்போது பூரா அதேதான் சொல்லிட்டு வந்தா. ‘இவ என்னைய முழுசாப் பாட விட மாட்டேங்குறா’ன்னு. பொண்ணுதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டா.”

அப்பா அழவில்லை. நானும் அழவில்லை. ஹெட்போனை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். இப்போது தெளிவாகக் கேட்டது. ஐந்து பேர் நிறுத்தாமல் போகிறார்கள். ஒருத்தி மட்டும் நடுவில் நின்று, மூச்சை இழுத்து, ஓடிப் போய் அவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். என் அம்மா குரல் கொஞ்சம் கட்டையான குரல். என் குரல் மாதிரியே.

அப்பா சொன்னதை அப்படியே இரண்டு குரூப்பிலும் எழுதினேன். திருமயத்துக்காரர் எழுதினார்: “மன்னிச்சிருங்க டீச்சர். அப்ப அந்தக் கோரஸ்ல ஆறு பேரு இல்ல. ஏழு பேருன்னு திருத்திக்கிறேன்.”

அதை மண்டிக்காரருக்கு அனுப்பினேன். “அவருகிட்ட சொல்லுங்க டீச்சர், காதுன்னா அவரு காதுதான்னு” என்று பதில் வந்தது. “நீங்களே சொல்லுங்க” என்று எழுதிவிட்டுப் போனை வைத்தேன்.

சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. குரூப் இன்றைக்கும் இரண்டாகத்தான் இருக்கிறது, ‘உண்மை’யும் போகவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை இரண்டு பக்கமும் ஒரே பாட்டு வந்தது. குவைத்துக்கு ரெண்டாவது வயலின் போயிருந்தது. எனக்கு இரண்டிலும் கோரஸ்.